ராசா வாசலில் காத்திருக்கிறான்

அக்கா வாசிக்கும் கதைகளில் குழந்தைகள் சாகமாட்டார்கள். கிணற்றில் விழுந்த குழந்தை ஏதாவது ஒரு வேரைப் பிடித்துக்கொள்ளும். காய்ச்சலில் கிடந்த குழந்தை விடிந்ததும் இட்லி கேட்கும். கதை எழுதுகிறவர்கள் எல்லாம் நல்ல மனசுக்காரர்கள் என்று நாங்கள் பத்துப் பேரும் நாலைந்து வருஷமாக நம்பிக்கொண்டிருந்தோம்.

ராஜபாளையத்தில் சத்திரப்பட்டி ரோட்டில் ஒரு பேண்டேஜ் கம்பெனி. தறியில் நெய்து, வெளுத்து, காய்ந்து வரும் துணியை அளவாகக் கிழித்துச் சுருட்டி, காகிதம் சுற்றி, டஜன் டஜனாகப் பெட்டியில் அடுக்குவது எங்கள் வேலை. ஆளுக்கொரு சின்ன மிஷின். வலது கை கைப்பிடியைச் சுற்றும், இடது கை துணியை நீவிக் கொடுக்கும். கைக்குத்தான் வேலை, மனசுக்கு ஒன்றும் கிடையாது. சும்மா இருக்கும் மனசு ஊர்வம்பு பேசும், வம்பு தீர்ந்தால் சண்டை பிடிக்கும். அப்படி ஒரு சண்டை முற்றிய நாளில்தான் அக்கா பையிலிருந்து ஒரு வாரப் பத்திரிகையை எடுத்துத் தொடர்கதை வாசித்தாராம். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அது நிலையான ஏற்பாடாகிவிட்டிருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் அக்கா வாசிப்பார். அவர் சுருட்ட வேண்டியதை நாங்கள் பங்கு போட்டுச் சுருட்டிவிடுவோம். சாயங்காலம் எண்ணிக்கை சரியாக இருந்ததால் மேனேஜர் வாயைத் திறக்கவில்லை.

அக்காவுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார். ஒரு கையில் தூக்குச்சட்டி, இன்னொரு கையில் லைப்ரரி புத்தகம் போட்ட மஞ்சள் பை. வாசிக்கும்போது புத்தகத்தை மேஜையில் வைக்கமாட்டார், நெஞ்சோடு ஒட்டிப் பிடித்துக்கொள்வார். பக்கத்தில் உட்கார்ந்தவளுக்குக்கூட ஒரு வரி தெரியாது. புத்தகத்துக்குக் கொடுக்கிற மரியாதை என்று நினைத்திருந்தேன். எட்டாவது வரை படித்த புத்திசாலி அல்லவா நான்!

அவருடைய தெருவில் ஒரு கதை சொல்வார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கோயம்புத்தூரிலிருந்து தந்தி வந்தது. இங்கிலீஷ் தந்தி. அந்தத் தெருவில் அதை வாசிக்க அக்காவை விட்டால் ஆள் இல்லை. அப்பா இறந்துவிட்டார், உடனே வா என்று இருந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டு, "அப்பாவுக்குச் சொகமில்லையாம், ஒன்னயப் பாக்கணுங்காராம். கெளம்பு" என்று வாசித்தார். அந்தப் பெண் வழியில் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். பழப்பையோடு பிணத்தின் முன்னால் போய் நின்றிருக்கிறாள். காரியம் முடிந்து ஊர் திரும்பிய அன்றைக்கு அதே பையை அக்கா வீட்டு வாசலில் வீசி எறிந்துவிட்டுப் போனாள். அதன்பிறகு அவள் அக்காவோடு பேசவே இல்லை.

இதை நான் அக்காவிடமே கேட்டிருக்கிறேன். அவருக்கு வருத்தம் எதுவும் இல்லை.

"பஸ்ஸில எட்டு மணி நேரம் அழாமப் போனால்லா? அந்த எட்டு மணி நேரத்தை யாரு குடுத்தா?" என்றார்.

பாக்கியம் எங்களோடு வேலைக்குச் சேர்ந்தது தொண்ணூறுக்குப் பிறகு. இலங்கையிலிருந்து அகதியாக வந்து கேம்பில் இருந்தவள். அவளுடைய தாத்தா காலத்தில் நம் பக்கத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போன குடும்பம். அங்கே கலவரத்துக்குப் பயந்து மலையை விட்டு வன்னிப் பக்கம் இறங்கி, அங்கேயும் இருக்க முடியாமல் இங்கே வந்திருந்தாள். பள்ளிக்கூடம் போனதில்லை. கூட வந்தவர் யாரும் இல்லை. மகன் ஒருவன், பெயர் மோகன். பதிமூன்று வயதில் பள்ளிக்கூடம் போனவன் திரும்பி வரவில்லை. இயக்கத்து ஆட்கள் வேனில் ஏற்றிக்கொண்டு போனதாகக் கூடப் படித்த பிள்ளைகள் சொன்னார்களாம். எந்த இயக்கம் என்று அவள் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. பல மாதம் தேடிவிட்டு, குண்டு விழுந்து ஊரே கிளம்பியபோது அவளும் படகில் ஏறிவிட்டாள். "நான் ஏறியிருக்கக் கூடாது" என்பதை அவள் ஏதோ ஊர்ப்பேர் சொல்வதுபோல அடிக்கடி சொல்வாள்.

எந்தப் புத்தகத்தையும் வீட்டில் ஒரு தடவை முழுசாக வாசித்துவிட்டுத்தான் அக்கா கம்பெனிக்குக் கொண்டுவருவார். அந்த ஒரு புத்தகத்தில்தான் தவறிவிட்டது. லைப்ரரியில் இருந்தவர் காலையில் அவசரத்தில் எடுத்துக் கொடுத்தது. அட்டையில் புத்தகப்பை மாட்டிய ஒரு பையன் படம். ஏதோ வெளிநாட்டு நாவலின் மொழிபெயர்ப்பு. பள்ளிக்கூடத்துக் கதைதானே என்று அக்கா அன்று மத்தியானமே பிரித்துவிட்டார். பையனின் பெயர் வாயில் நுழையவில்லை. "ராசான்னு வச்சுக்கிடுவோம்" என்றார். எல்லோரும் சரி என்றோம்.

அது சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போன பிள்ளைகளின் கதை. இரண்டாம் நாள் ராசா விளையாடிக்கொண்டிருந்த மைதானத்துக்குள் லாரி வந்தது. துப்பாக்கி பிடித்த ஆட்கள் இறங்கி, உயரமான பிள்ளைகளை ஒரு பக்கம் நிற்கச் சொன்னார்கள். ராசா முழங்காலை மடக்கிக் குட்டையாகக் காட்டிக்கொள்ளப் பார்த்தான். அக்காவின் குரல் அங்கே நின்றது. ஒரு மிஷின் மட்டும் ஓடவில்லை. பாக்கியம் கைப்பிடியைப் பிடித்தபடி அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா புத்தகத்தை மூடி, "இது வேண்டாம், நாளைக்கு வேற கொண்டாரேன்" என்றார்.

"நிப்பாட்ட வேணாங்க அக்கா, வாசிங்க. அந்தப் பிள்ளைய எங்க கொண்டு போறாங்கன்னு எனக்குத் தெரியணும்" என்றாள் பாக்கியம்.

அன்றிலிருந்து அவளுக்கு அது கதை இல்லை. கேம்புக்கு வரும் பேப்பரில் இல்லாத சேதியை இந்தப் புத்தகம் சொல்லிவிடும் என்பதுபோலக் கேட்டாள். காலையில் வந்ததும், "ராசா சாப்பிட்டிருப்பானாக்கா?" என்பாள். ராசாவுக்குத் துப்பாக்கி தூக்கத் தோள் வலித்தால் இவள் தன் தோளைத் தடவிக்கொள்வாள். எங்களுக்கும் அந்தப் பித்து ஏறிவிட்டது. ராசாவைச் சண்டைக்கு முன்வரிசையில் நிறுத்திய நாளில் பத்துப் பேரும் சாப்பிடாமல் தூக்குச்சட்டியை அப்படியே வீட்டுக்குக் கொண்டு போனோம். எவனோ எழுதிய கதைக்கு இப்படியா என்று என் வீட்டில் ஏசினார்கள்.

ராசா சாகவில்லை. ஒவ்வொரு நாளும் மயிரிழையில் தப்பித்தான். ஒருநாள் துப்பாக்கியை ஆற்றில் போட்டுவிட்டு ஓடினான். கரும்புத் தோட்டத்தில் ஒளிந்தான். எங்கள் கைகள் அந்த நாட்களில் சுற்றிய வேகத்தில் எண்ணிக்கை கூடி, மேனேஜரே அறைக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

ஆடிப்பூரத் தேருக்கு அக்கா லீவு போட்டார். முந்தின நாள் மறதியாகப் புத்தகத்தை மேஜைக்கடியில் வைத்துவிட்டுப் போயிருந்தார். மத்தியானம் எல்லோரும் என்னை வாசிக்கச் சொன்னார்கள். புத்தகத்தில் ஒரு துண்டுப் பேண்டேஜ் துணி அடையாளத்துக்கு வைத்திருந்தது. பிரித்தேன். அது கடைசிப் பக்கம்.

அந்தப் பக்கத்தில் ராசா ஒரு மதிலோரம் செத்துக் கிடந்தான். அவனைவிடச் சின்னப் பையன் ஒருவன், அழக்கூட நேரமில்லாமல், அவனுடைய பூட்ஸைக் கழற்றித் தன் காலில் மாட்டிக்கொண்டு ஓடினான். அத்தோடு கதை முடிந்துவிட்டது. பின்னோக்கிப் புரட்டிப் பார்த்தேன். ஆற்றையும் காணோம், கரும்புத் தோட்டத்தையும் காணோம். மூன்று வாரமாக அக்கா இல்லாத பக்கங்களை வாசித்திருக்கிறார்.

எனக்கு எழுத்தெல்லாம் கலங்கிவிட்டது. "கண்ணு வலிக்கி, நாளைக்கு அக்காவே வாசிக்கட்டும்" என்று மூடிவிட்டேன். பாக்கியம் மட்டும், "கரும்புத் தோட்டத்த விட்டு வெளிய வந்துட்டானான்னு மட்டும் பாத்துச் சொல்லும்மா" என்றாள். வந்துவிட்டான் என்று சொன்னேன். அந்தப் பொய்யில் எனக்கும் பங்கு உண்டு என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

மறுநாள் காலையில் அக்கா பஸ்ஸை விட்டு இறங்கும் இடத்தில் போய் நின்றேன்.

"பொஸ்தகம் முடிஞ்சு போச்சேக்கா."

அவர் முகம் கொஞ்சம்கூட மாறவில்லை. "நீ வாசிச்சியாக்கும்? சரி. அந்தப் பொம்பள மூஞ்சியப் பாத்து அதை ஒன்னால வாசிக்க முடியுமாட்டி?"

நான் அவர் கையிலிருந்த தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டேன்.

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாங்காங்க. ஒரு பொய் சொல்லி ஒரு பிள்ளைய உசுரோட வச்சா என்ன கொறஞ்சு போச்சு? இன்னும் நாலு நாளு. அவன வீட்டுல கொண்டு போய்ச் சேத்திட்டு முடிச்சிருதேன்" என்றார்.

முடித்தார். ராசா நடந்து நடந்து ஊர் வந்து சேர்ந்தான். வீடு பூட்டிக் கிடந்தது. அம்மா கடல் தாண்டிப் போய்விட்டாள் என்று பக்கத்தில் சொன்னார்கள். அவன் பூட்டை உடைக்கவில்லை. வாசலிலேயே உட்கார்ந்து, மூன்று கல் கூட்டிக் கஞ்சி காய்ச்சிக் குடித்துக்கொண்டு, அம்மா வருவாள் என்று காத்திருந்தான். அக்கா புத்தகத்தை மூடினார். அறை முழுக்க மூக்குறிஞ்சும் சத்தம். நானும் அழுதேன், அத்தனையும் தெரிந்தே. பாக்கியம் அழவில்லை. அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அக்கா என்னைப் பார்த்து, பார்த்தாயா என்பதுபோலத் தலையை அசைத்தார்.

பிள்ளையை வாசலில் உட்கார வைத்துவிட்டால் தாய்க்கு நிம்மதி என்று அவர் நினைத்தார். வாசலில் பிள்ளை காத்திருக்கும்போது எந்தத் தாய் இந்தக் கரையில் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு இருப்பாள்? அவ்வளவு புத்தகம் வாசித்தவருக்கு இது தெரியவில்லை. எனக்கும்தான் தெரியவில்லை.

பத்து நாள் கழித்துப் பாக்கியம் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தாள். திரும்பிப் போக விருப்பம் உள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று ஆபீசர் கேம்புக்கு வந்து சொன்னாராம். கப்பலில் கொண்டு போய் விடுவார்களாம்.

"நான் பேர் குடுத்திட்டேங்க. பொடியன் வந்து வாசல்ல நிக்கிறானோ என்னவோ. ரெண்டு வருசமாச்சு" என்றாள்.

அக்காவின் கையிலிருந்த மிட்டாய் கீழே விழுந்தது.

"அங்க இன்னும் குண்டு போடுதான் பாக்கியம்."

"போடட்டும். அவன் தனியா இருக்கானே."

அப்போதுதான் அக்கா எழுந்து நின்று, எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னார். "ஏ பாக்கியம், நான் வாசிச்சது பொஸ்தகத்துல இல்ல. நானா சொன்னது. அந்தப் பிள்ள வீட்டுக்கு வரல. செத்துப் போச்சு. நான் பொய் சொன்னேன். ஒனக்காவத்தான் சொன்னேன்."

பாக்கியம் சிரித்தாள். "நான் போயிருவேன்னு பயந்து இப்பிடிச் சொல்றீங்க. ஒங்க மனசு எனக்குத் தெரியாதாக்கா?"

மறுநாள் அக்கா லைப்ரரிக்குப் போய் அந்தப் புத்தகத்தை மறுபடி எடுத்து வந்தார். அவர் வாசித்தால் பாக்கியம் நம்பமாட்டாள். அதனால் என் கையில் கொடுத்தார். "நீ வாசி. ஒரு எழுத்துக் கூட்டாம, கொறைக்காம வாசி" என்றார். புத்தகத்தைப் பாக்கியத்துக்குத் தெரிகிற மாதிரி மேஜைமேல் விரித்து, வரிக்கு வரி விரல் வைத்து வாசித்தேன். மதில், பூட்ஸ், ஓடிப்போன சின்னப் பையன், எல்லாம். யாருடைய மிஷினும் ஓடவில்லை. பாக்கியம் கவனமாகக் கேட்டாள். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இந்தப் பிள்ளைக்கு அம்மா இருக்காளா?"

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா தரையைப் பார்த்தார். முதல் பக்கத்தைத் திருப்பினேன். முதல் வரியிலேயே பையனின் அம்மா பிரசவத்தில் செத்துப்போயிருந்தாள். அக்கா முதல் நாளே, கதை எங்கே போகும் என்று தெரியாத அந்த மத்தியானத்திலேயே, அவளைப் பிழைக்க வைத்து மகனுக்குத் தலை சீவிவிட வைத்திருக்கிறார்.

"இல்ல" என்றேன். "பிறந்தப்பவே போயிட்டா."

பாக்கியம் நிம்மதியாக மூச்சு விட்டாள். "அப்ப இது வேற பிள்ள. ராசாவுக்கு அம்மா இருக்கா" என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தாள்.

அந்த வாரம் அக்கா பைத்தியம்போல அலைந்தார். ஒருநாள் நானும் அவரோடு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அரசாங்க ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்தவர் தன்மையானவர்தான். லிஸ்டில் விரலை ஓட்டிப் பாக்கியத்தின் பெயரைக் காட்டினார்.

"அவங்க விருப்பப்பட்டு ரேகை வச்சிருக்காங்கம்மா. நீங்க யாரு, அவங்களுக்குச் சொந்தமா?"

அக்கா அந்தப் புத்தகத்தை அவர் மேஜையில் வைத்தார். "இல்லைங்க. நான் அவளுக்குக் கதை வாசிச்சவ."

அவர் புத்தகத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு புத்தகத்தைப் பதவிசாக எங்கள் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வெளியே வந்ததும் அக்கா அங்கேயே வெயிலில் உட்கார்ந்துவிட்டார். "எம்புட்டுப் பேருக்கு வாசிச்சிருக்கேன்டி. ஒருத்தராவது என்னய நம்பாம இருந்திருக்கக் கூடாதா" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

பாக்கியம் போய்விட்டாள். போய்ச் சேர்ந்ததும் யாரையாவது பிடித்துக் கம்பெனி விலாசத்துக்குக் கடிதம் எழுதச் சொல்வதாகச் சொல்லியிருந்தாள். வரவில்லை. அக்கா அதன்பிறகு ஒரு எழுத்தும் வாசிக்கவில்லை. அவர் பங்கை அவரே சுருட்டினார். அறையில் பத்து மிஷின் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. பேச்சு இருந்தபோது அந்தச் சத்தம் இருந்ததே எங்களுக்குத் தெரியாது.

மூன்று மாதம் கழித்து மேனேஜர் எங்களைக் கூப்பிட்டு ஒரு பெட்டியைக் கவிழ்த்தார். ஒவ்வொரு பெட்டியிலும் சுருட்டியவள் யார் என்று தெரிய நம்பர் போட்ட ஒரு சீட்டு வைப்போம். அந்தச் சீட்டின் பின்பக்கத்தில் குண்டு குண்டான எழுத்தில் எழுதியிருந்தது: "மோகன், உன் அம்மா பாக்கியம் உன்னைத் தேடி வந்திருக்கிறாள். துப்பாக்கியைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போ." எங்கோ ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து புகாரோடு திரும்பி வந்திருந்தது. மற்ற பெட்டிகளையும் பிரித்தார்கள். பதினேழாம் நம்பர் சீட்டு இருந்த பெட்டி அத்தனையிலும் அதே வரி. மூன்று மாதத்தில் எத்தனை பெட்டி போயிருக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை.

அவர் கேட்பதற்கு முன்பே அக்கா எழுந்து நின்றார்.

"இது வடநாட்டுக்குப் போற சரக்கும்மா! அங்க ஏது மோகன்?" என்றார் மேனேஜர்.

"பேண்டேஜ்தான சார். அடிபட்ட எடத்துக்குத்தான போவும். ஒரு பெட்டியாவது அங்க போவாதா?"

மேனேஜர் திட்டவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. கணக்கை முடித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார். அக்கா தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டு, "கடுதாசி வந்தா வந்து சொல்லுட்டி" என்றார்.

பிறகு நான் கல்யாணமாகி வன்னியம்பட்டிக்குப் போனேன். ஐந்தாறு வருஷம் ஓடிவிட்டது. ஒருநாள் பிள்ளையை டாக்டரிடம் காட்டிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்றபோது, சிமெண்டு பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டதும் நலம் விசாரிக்கவில்லை, இடுப்பில் இருந்த பிள்ளையைப் பார்க்கவில்லை.

"கடுதாசி வந்துச்சா?"

வரவில்லை என்றுதான் சொல்ல வந்தேன். சத்தியமாக அதைத்தான் சொல்ல வந்தேன்.

"வந்துச்சுக்கா. ரெண்டு பேரும் சொகமா இருக்காகளாம்."

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். "எங்க, வாசி."

என் கையில் இருந்தது டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டு. அதை நெஞ்சோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டேன். அன்புள்ள அக்காவுக்கு என்று தொடங்கினேன். நான் வந்தபோது மோகன் வாசலில்தான் இருந்தான், ஆள் வளர்ந்துவிட்டான், மீசை வந்துவிட்டது, பூட்டுக்குச் சாவி என்னிடம்தான் இருந்தது என்று வாசித்தேன். நடுவில் எங்கள் பஸ் வந்து போனது. எனக்கு மேலே சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. அவர் நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் மடியில் கிடந்த அவருடைய வலது கை, கைப்பிடியைச் சுற்றுவதுபோல மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"அம்புட்டுத்தான்க்கா" என்றேன்.

"மறுபக்கம் இருக்கும்ட்டி" என்றார். "திருப்பு."

திருப்பினேன். அந்தப் பக்கத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. வாசித்தேன்.